ராசாத்தியின் மூக்குக்கு எட்டாதது

ஏற்காட்டு மலைக் கிராமமான மஞ்சக்குட்டையில் ராசாத்தியை மூக்குக்காரி என்பார்கள். பழித்துச் சொல்வதில்லை, முழுக்கப் பாராட்டி என்றும் சொல்ல முடியாது. பலா மரத்தடியில் நின்றபடியே மேலே எந்தக் கிளையில் பழம் கனிந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். பால் பொங்கி வழிவதற்குள் அடுத்த அறையிலிருந்து எழுந்து வந்துவிடுவாள். ஜீப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவள் காலையில் என்ன குழம்பு வைத்தாள் என்பது கேட்காமலே தெரியும். கேட்காமலே அதை வாய்விட்டுச் சொல்லியும் விடுவாள். அதில்தான் சில பேருக்கு வருத்தம்.

ஏற்காட்டில் ஏரியைத் தாண்டிய மேட்டில் ஜெஸ்லினும் அவள் கணவன் எல்வினும் நடத்துகிற ஹோம்ஸ்டேயில் அவளுக்கு வேலை. அறைகளைப் பெருக்கித் துடைப்பது, விரிப்பு மாற்றுவது, காலை டிபனுக்குக் கை கொடுப்பது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், விருந்தாளிகள் காலி செய்துவிட்டுப் போன ஓர் அறையின் வாசலில் நின்றவள் உள்ளே போகாமலே, திரைக்குப் பின்னால் யாரோ சிகரெட்டை அணைத்திருக்கிறார்கள் என்றாள். ஜெஸ்லின் திரையை விலக்கிப் பார்த்தாள். கருகிய ஓட்டை இருந்தது. அதிலிருந்து காலி செய்த அறைக்குள் முதல் ஆளாக ராசாத்தியைத்தான் அனுப்புவாள்.

ஆகவே, எல்வின் ஏணி போட்டு ஒவ்வொரு அறையின் கூரையிலும் வட்டமாக ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டியபோது அவளுக்கு மனசு கோணிப்போனது. புகை வந்தால் கத்துமாம். புகை வந்ததை ஒரு பெட்டி சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா என்று கேட்டாள். சாயந்திரமானால் நீங்கள் ஜீப் ஏறிப் போய்விடுகிறீர்களே, அப்புறம் யார் மோந்து பார்ப்பது என்று ஜெஸ்லின் சிரித்தாள். நியாயமான பதில்தான். ஆனாலும் தோசைக்கல் காயும் புகைக்கெல்லாம் சமையலறைப் பெட்டி கத்தும்போது, துண்டை விசிறி அதை அடக்கிவிட்டு, "நாங் கண்டுபுடிச்சு எத்தன நேரமாச்சு, நீ இப்பத்தான் வர்றே" என்று அதனிடம் சொல்லாமல் விடமாட்டாள்.

கூரைப் பெட்டியோடு சுவரிலும் ஒரு பெட்டி வந்தது. இது புகைக்குக் கத்தாது என்றான் எல்வின். நிறம் இல்லாத, வாடை இல்லாத ஒரு விஷ வாயு இருக்கிறதாம். கேஸ் ஹீட்டர் சரியாக எரியாவிட்டால் வருமாம். மூடிய அறைக்குள் எதை எரித்தாலும் வரலாமாம். தலை வலிக்கும், வாந்தி வரும், கால் தள்ளாடும், தூங்குகிறவன் தூங்கினபடியே போய்விடுவான். எல்வின் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது ராசாத்தி ஈர விரிப்பின் ஒரு முனையை வாயில் கவ்விக்கொண்டு மறு முனையைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். பாதிதான் காதில் விழுந்தது. விழுந்த பாதியையும் அவள் நம்பவில்லை. வாடை இல்லாமல் உலகத்தில் ஒரு பொருள் இருக்க முடியும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

வீட்டில் அந்த மூக்குக்கு அதிக வேலை வைத்தவன் அவள் கணவன் செல்லப்பன். நல்ல உழைப்பாளி. சொந்தத்தில் கொஞ்சம் காப்பி, நடுவில் மிளகுக்கொடி, வரப்போரம் கொய்யா. பறிப்புக் காலத்தில் பக்கத்து எஸ்டேட்டுக்கும் ஆளாகப் போவான். குடி ஒன்றுதான் குறை. குடித்துவிட்டு அடிக்க மாட்டான், திட்ட மாட்டான், வழியில் எங்காவது படுத்துக்கொள்வான். ராசாத்தி டார்ச் எடுத்துக்கொண்டு போய்த் தேடிக் கூட்டி வருவாள். வாடை தெரியாமல் இருக்கக் கொய்யாக் கொழுந்தை மென்றுகொண்டு வருவான். அதனால் கொய்யா இலை வாசனை வந்தாலே குடித்திருக்கிறான் என்பது அவள் கணக்கு. மூக்கு இல்லாத பெண்ணாகப் பார்த்துக் கட்டியிருந்தால் பாதிச் சண்டை மிச்சம் என்பான் செல்லப்பன்.

மகள் வெண்ணிலா சேலத்தில் காலேஜ் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போன அன்றைக்கு, ராசாத்தி அரிசி களைந்துகொண்டே ஒன்று சொன்னாள். மகளுக்காகத்தான் இத்தனை நாள் பொறுத்தது. இனி ஒரு தடவை வாடை வந்தால் அண்ணன் மாதேஷ் வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்ப மாட்டேன். அவள் சத்தம் போடவில்லை. அதனாலேயே செல்லப்பன் பயந்துபோனான். அந்த வாரமே சேர்வராயன் கோயிலுக்குப் போய், எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தான். பிறகு இரண்டு மழைக்காலம் போயிற்று. சத்தியம் நின்றது. அந்தத் தெம்பில்தான் பழைய ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டு, கான்கிரீட் கூரை போட்ட தார்சு வீடு கட்டினார்கள்.

வீடு ராசாத்திக்கு நொம்பப் பெருமை. பழைய வீட்டில் சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவே பூனை நுழையும், மூடுபனி நுழையும். இதில் தள்ளினால் நகர்கிற அலுமினிய ஜன்னல். சாத்திவிட்டால் காற்று ஒரு நூல் வராது. காற்றுக்கென்று மேஸ்திரி விட்டிருந்த ஓட்டைகள் வழியாகவும் சாரல் வந்தது. செல்லப்பன் அவற்றில் சிமெண்டுச் சாக்கைத் திணித்து மேலே பூசிவிட்டான்.

குளிர் காலத்தில் பழைய வீட்டில் நடுவில் கணப்புப் போடுவார்கள். புது வீட்டிலும் போட்டார்கள். தரை கறுக்காமலிருக்க, கலவை அள்ளுகிற இரும்புச் சட்டியில். வெட்டிப்போட்ட காப்பி மரத்தின் தூரில் நல்ல கரி கிடைக்கும். அதைச் செல்லப்பன் வெளியே சன்ஷேடு அடியில் மூட்டி, விசிறி விசிறி, கடைசிப் புகையும் போய்ச் சட்டி முழுக்கச் சிவந்த பிறகுதான் உள்ளே கொண்டுவருவான். கனிந்துவிட்டதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்கிறவள் ராசாத்தி. வாசலில் நின்று மூக்கை உறிஞ்சிப் பார்ப்பாள். இன்னும் இருக்கிறது என்றால் இன்னும் விசிறுவான். "இப்ப எடுத்துட்டு வாங்க" என்று அவள் சொன்னால் அந்தக் கங்கில் துளிப் புகை இருக்காது. புகை இல்லாத கங்கு குழந்தை மாதிரி, ஒன்றும் செய்யாது என்றுதான் அந்தப் பக்கத்தில் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

இந்தக் கார்த்திகைக் கடைசியில் குளிர் இறங்கியது. ஒரு நாள் காலையில் செல்லப்பன் எழுந்திருக்கத் தடுமாறினான். தலையைப் பிடித்துக்கொண்டு குழாயடிக்குப் போனான். போகிற வழியில் கால் பின்னியது. வாழையடியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். கண் சிவந்திருந்தது. இதை எத்தனை காலைகளில் பார்த்தவள் ராசாத்தி! அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றாள். கிட்டே போய் மோந்து பார்த்தாள். சாராய வாடை இல்லை. ஆனால் வாய்க் கசப்புக்கு அவன் கொய்யாக் கொழுந்தை மென்றுகொண்டிருந்தான்.

அது போதும் அவளுக்கு. குடிக்கலை புள்ளே என்றான். என்னவோ தலைதான் வெடிக்கிறது, பனியாக இருக்கும் என்றான். இரண்டு நாள் விட்டு மறுபடி அதே கதை. அவனுடைய பாயையும் போர்வையையும் சுருட்டி, மிளகு மூட்டை போட்டிருக்கிற சின்ன அறைக்குள் எறிந்தாள். பழைய நாட்களில் அவன் எதிர்த்துப் பேசுவான். இப்போது பேசாமல் பாயை விரித்துக்கொண்டான். அந்த அறை குளிர்ந்து கிடக்கும். கணப்புச் சட்டியையும் உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அதற்குப் பிறகு அவன் காலைகள் இன்னும் மோசமாயின. அவளுக்கோ, கொஞ்ச நாளாக விடிந்ததும் இருந்த தலைக்கனம் விட்டுப்போயிற்று. காலையில் அந்த முகத்தில் முழிக்காததுதான் காரணம் என்று பக்கத்து வீட்டு வள்ளியிடம் சொன்னாள். வள்ளியின் புருஷன் பொன்னுவேல் ஊரறிந்த குடிகாரன். செல்லப்பனுக்கு ஊற்றிக் கொடுப்பவன் அவன்தான் என்பது ராசாத்தியின் எண்ணம். அதையும் சொன்னபோது வள்ளி முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மாதேஷுக்குப் போன் செய்தாள். வா என்றார் அண்ணன். பொங்கலுக்கு வெண்ணிலா வருவாள், வந்ததும் சொல்லிவிட்டுக் கிளம்பலாம் என்று ஒரு பையில் நாலு புடவையை மடித்து வைத்தாள். ஆனால் பை கட்டிலடியிலேயே கிடந்தது. சூடத்தை அணைத்த கையை அவள் பார்த்திருக்கிறாள். கொப்புளம் ஆற ஒரு வாரம் ஆயிற்று. அவனை ஒரு தடவை கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் நிம்மதியாகப் போகலாம். பிடிபடாதவனை விட்டுப் போவது அவளுக்குக் கூடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஹோம்ஸ்டேக்கு நாலு வாலிபர்கள் வந்தார்கள். மறுநாள் காலையில் ராசாத்தி வேலைக்குப் போனபோது நாலு பேரும் ஒரே மாதிரி தலையைக் கையில் தாங்கிக்கொண்டு புல்தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் குரோட்டன்ஸ் செடிக்குள் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். ஜெஸ்லினுக்கு இன்னும் படபடப்புத் தீரவில்லை. சுவர்ப் பெட்டி மட்டும் கத்தியிருக்காவிட்டால் நாலு பிள்ளைகளும் இருந்திருக்க மாட்டார்களக்கா, அந்த வாயு அப்படிப்பட்டது என்று சொல்லிவிட்டு வரக்காப்பி போட ஓடினாள்.

ராசாத்தி அறைக்குள் போனாள். கட்டிலடியில், மேஜைமேல், ஜன்னலோரம், எங்கே பார்த்தாலும் பாட்டில். சுவர்ப் பெட்டியை ஏறிட்டுப் பார்த்தாள். எல்வின் சொன்னது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. தலைவலி, வாந்தி, தள்ளாட்டம், மயக்கம். படித்தவர்கள் சாராயத்தைக்கூட மரியாதையாக வாயு என்கிறார்கள்போல என்று நினைத்துக்கொண்டாள். மழைக்கு அந்தப் பையன்கள் கறி சுடும் கரி அடுப்பை அறைக்குள் தூக்கிவந்து கதவைச் சாத்திக்கொண்டதும், எல்வின் அதை வெளியே எறிந்ததும் அவளுக்குத் தெரியாது. மத்தியானம் துவைக்கிற கல்லோரம் கிடந்த அந்த அடுப்பைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி வைத்தவளும் அவள்தான்.

கூரை ஒழுகுவதால் பூட்டி வைத்திருந்த கடைசி அறையில் ஒரு சுவர்ப் பெட்டி சும்மா கிடந்தது. சாயந்திரம் அதைக் கழற்றி, சாப்பாட்டுத் தூக்கோடு துண்டில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். நாலு நாளில் திரும்ப மாட்டிவிடலாம் என்பது கணக்கு. ஒண்டிக்கடை நிறுத்தத்தில் ஜீப்புக்கு நின்றபோது, எங்கே கத்தித் தொலைக்குமோ என்று பையை அக்குளில் இடுக்கியபடி நின்றாள். வாழ்க்கையில் அவள் அடுத்தவர் பொருளைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

ஊர் வந்து இறங்கியதும் ஒரு சோதனை செய்து பார்த்தாள். பொன்னுவேல் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்திருந்தான். தூரத்திலேயே வாடை அடித்தது. கிட்டே போய், வள்ளி எங்கே என்று தெரியாதவள்போல விசாரித்து, பையை அவன் மூஞ்சிக்கு நேராகப் பிடித்தபடி நின்றாள். பெட்டி ஒரு முனகல்கூட முனகவில்லை. "என்னங்கக்கா, பையில மீனா? என்னையப் போயி மோந்து பாக்கச் சொல்றீங்க" என்றான் பொன்னுவேல். வெட்டவெளியில் வாடை எங்கே நிற்கும், மூடின அறையாக இருக்க வேண்டும் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். சின்ன அறையில் செல்லப்பன் சட்டை மாட்டுகிற ஆணியில், சட்டைகளுக்குப் பின்னால் அதைத் தொங்கவிட்டாள்.

மறுநாள் புயல் மழை. ஜீப் ஓடவில்லை, அவள் வேலைக்குப் போகவில்லை. செல்லப்பன் மட்டும், பழுத்த காப்பி உதிர்ந்துவிடும் என்று சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனான். மத்தியானத்துக்கு மேல் பல் கிட்டி நடுங்கியபடி திரும்பினான். கரி மூட்டினான். இப்போதெல்லாம் அவர்களுக்குள் பேச்சு இல்லை. ஆனாலும் பழக்கதோஷத்தில் சட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் முன்னால் ஒரு கணம் நின்றான். அவளும் பழக்கதோஷத்தில் மூக்கை உறிஞ்சி, தலையை ஆட்டினாள். அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். மழையில் ஊறிய கதவு உப்பிப்போய், நிலையில் இறுகி உட்கார்ந்தது.

ராசாத்தி களிக்கு உலை வைத்தாள். மாவைக் கொட்டித் துடுப்பால் கிண்ட ஆரம்பித்திருந்தபோது பெட்டி கத்தியது. நாலு கத்து, ஒரு நிறுத்தம், மறுபடி நாலு கத்து.

அவள் முதலில் உணர்ந்தது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரு நிம்மதி. பிடித்தாயிற்று. இனி யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. உடனே அந்த நிம்மதிக்குப் பின்னாலிருந்து அழுகை வந்தது. அதைத் துடுப்பின்மேல் காட்டினாள். கத்தட்டும், ஊரே கேட்கட்டும் என்று களியைப் பதமாகக் கிண்டி இறக்கி, கையைக் கழுவித் துடைத்துவிட்டு, கட்டிலடியிலிருந்து பையை எடுத்து வாசலில் வைத்தாள். பெட்டி நிறுத்தாமல் கத்திக்கொண்டிருந்தது. அவ்வளவு சத்தத்திலும் உள்ளே ஓர் அசைவு இல்லை.

அதுதான் அவளுக்கு உறைத்தது. குடித்தவன்கூடச் சத்தம் கேட்டால் திட்டவாவது செய்வான்.

"ஏனுங்க" என்று கதவைத் தட்டினாள். இன்னும் பலமாகத் தட்டினாள். தோளால் முட்டினாள். கதவு அசையவில்லை. சத்தம் கேட்டுப் பொன்னுவேல் மழையில் நனைந்தபடி ஓடிவந்தான். நிதானத்தில் இல்லைதான், ஆனால் ஒரே மோதலில் கதவு திறந்துகொண்டது.

அறை கதகதவென்று இருந்தது. புகை இல்லை. வாடை இல்லை. பாட்டில் இல்லை. சட்டியில் கங்கு மாதுளை முத்து மாதிரி சிவந்து கிடந்தது. செல்லப்பன் பாயில் ஒருக்களித்துக் கிடந்தான், வாய் சற்றுத் திறந்திருந்தது. ராசாத்தி குனிந்து, அவனை உலுக்குவதற்கு முன்னால், அவன் வாயை மோந்து பார்த்தாள்.

ஒன்றும் இல்லை. மூச்சு மட்டும் மெல்லியதாக இருந்தது.

பொன்னுவேல் தலைப்பக்கமும் அவள் கால்பக்கமுமாகத் தூக்கினார்கள். வாசலைத் தாண்டி, சன்ஷேடையும் தாண்டி, கொட்டுகிற மழையில் கொண்டுபோய்க் கிடத்தினார்கள். முகத்தில் மழை அடித்தது. கன்னத்தைத் தட்டினாள், பேர் சொல்லிக் கூப்பிட்டாள். கல்யாணமான நாளாக அவள் வாயில் வராத பேர் அது. அவன் புரண்டு வாந்தி எடுத்தான். கண்ணைத் திறந்து, யார் என்று தெரியாதவன்போல அவளைப் பார்த்தான். உள்ளே இன்னும் கத்தல் ஓயவில்லை. பொன்னுவேல் மூச்சைப் பிடித்துக்கொண்டு போய் ஆணியோடு அதைப் பிடுங்கி வந்தான். வெளியே காற்றில் கொஞ்ச நேரம் இருந்ததும் அது அடங்கியது.

பொன்னுவேல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இது எதற்கு என்று கேட்டான். குடிச்சிருந்தாக் கத்தும் என்றாள் ராசாத்தி. அவளுக்கே அந்த வார்த்தை விசித்திரமாகக் கேட்டது.

பொன்னுவேல் பெட்டியை வாயருகே வைத்து நன்றாக ஊதினான். அது சும்மா இருந்தது.

"நானே ஊதறேன், எனக்கே கத்த மாட்டேங்குது. இது குடிக்குக் கத்துறது இல்லீங்கக்கா" என்றான். அறைப் பக்கம் கையைக் காட்டினான். "அந்தக் கங்குக்குத்தான் கத்துது."

ஜெஸ்லினுக்குப் போன் போட்டாள். என்ன சொல்கிறோம் என்று யோசிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்: பெட்டியை எடுத்து வந்ததை, எதற்கு எடுத்தாள் என்பதை, அறையில் கணப்பு இருந்ததை. ஜெஸ்லின் திருட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாரும் அந்த அறைக்குள் போகக் கூடாது, ஜன்னல் கதவெல்லாம் திறந்துவிடுங்கள், அவரை வெளிக்காற்றிலேயே வையுங்கள், நாங்கள் வருகிறோம் என்றாள். மரம் விழுந்த பாதையில் எல்வின் எப்படித்தான் காரை ஓட்டி வந்தானோ, வந்து சேர்ந்தான். ஏற்காடு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஆக்சிஜன் முகமூடியை வைத்துக்கொண்டே கேட்ட முதல் கேள்வி, அறைக்குள் கரி போட்டீர்களா என்பதுதான்.

காரில் வரும்போது எல்வின் விவரமாகச் சொல்லியிருந்தான். புகையில் இருமல் வரும், கண் எரியும், ஆள் எழுந்து ஓடிவிடுவான். இது அப்படி எதுவும் காட்டாது. சிவந்த கரியிலிருந்தும் வரும். பழைய வீட்டில் ஓட்டுச் சந்து வழியாகப் போய்விட்டது. புது வீட்டில் போக வழியில்லை. ராசாத்தி இந்தத் தடவை முழுசாகக் கேட்டாள். முன்பு காலையில் தனக்கும் தலை கனத்ததும், பாயைத் தூக்கி எறிந்த பிறகு விட்டதும் நினைவுக்கு வந்தது. குளிர்கிற அறைக்கு அவனை அனுப்பியது யார், கங்கு கனிந்துவிட்டது என்று தலையாட்டியது யார் என்பதும் சேர்ந்தே வந்தது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் செல்லப்பன் தெளிந்து உட்கார்ந்தான். நாக்கு இன்னும் கொஞ்சம் குழறியது. ரொட்டியைப் பாலில் நனைத்துத் தின்றுகொண்டே கேட்டான்.

"அந்தப் பொட்டி அங்க எப்பிடி வந்துச்சு?"

"நாந்தான் மாட்டுனனுங்க."

"எதுக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். உங்கள் நல்லதுக்குத்தான் என்று சொல்லியிருந்தால் அவன் நம்பியிருப்பான். "உங்களப் புடிக்கறதுக்கு" என்றாள். "நீங்க குடிக்கறீங்கன்னு நெனச்சேன்."

அவன் மெல்வதை நிறுத்தினான். நனைந்த ரொட்டி விரலிலிருந்து டம்ளருக்குள் விழுந்தது.

"எத்தன தடவ சொன்னேன், குடிக்கலேன்னு."

"சொன்னீங்க."

விழுந்த ரொட்டியை விரலால் எடுத்தபடி சொன்னான்: "நீ என்னைய நம்பியிருந்தீன்னா, இந்நேரம் என்னையப் பொதச்சிருப்பாங்க."

கேலியா, மன்னிப்பா, குத்தலா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஒருவேளை அவனுக்கும் தெரியாது. போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

வீட்டுக்கு வந்ததும் ராசாத்தி முதலில் போனது வள்ளி வீட்டுக்கு. அங்கேயும் அறைக்குள் கணப்புச் சட்டி இருந்தது. கேட்காமலே தூக்கிக்கொண்டுபோய் வாசலில் கவிழ்த்தாள். வள்ளி சண்டைக்கு வரவில்லை. எதற்கு என்று பொன்னுவேல் முன்பே சொல்லியும், குளிருக்குப் பயந்து அவள்தான் எடுக்காமல் வைத்திருந்தாள். உங்க ஊட்டுக்காரன் இல்லேன்னா அவரு இல்லை வள்ளி என்றாள் ராசாத்தி. பொன்னுவேலைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அதுதான். வள்ளி அதைக் கொஞ்ச நாள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஜெஸ்லின் பெட்டியைத் திருப்பி வாங்க மறுத்துவிட்டாள். அறை ஒழுகுகிறவரை அங்கே ஆள் விடப்போவதில்லை, அதற்குள் வேறு வாங்கிக்கொள்கிறோம் என்றாள். "ஒண்ணுக்கு மட்டுந்தான் உங்க மேல கோவம்க்கா. புரியலேன்னா மறுபடி கேட்டிருக்கலாம்ல?" ராசாத்தி துடைத்த தரையையே திரும்பத் துடைத்தாள். கேட்டால் தன் மூக்கின் மரியாதை என்னாவது என்று நினைத்ததை எப்படிச் சொல்வது.

செல்லப்பன் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் முதல் வேலையாக உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு, தானே பூசி அடைத்த ஓட்டைகளைத் தட்டித் திறந்தான். சின்ன அறையில் புதிதாகவும் ஒன்று போட்டான். சிமெண்டுத் தூள் மிளகு மூட்டையெல்லாம் படிந்தது. கடைசிச் சில்லு வெளிப்பக்கம் விழுந்ததும் ஓட்டையில் ஒரு கண் தெரிந்தது. பொன்னுவேல்தான். "அண்ணா, எங்கூட்டுலயும் இப்பிடி ஒண்ணு போட்டுக் குடுங்க. வள்ளி சோறு போட மாட்டேங்குறா." செல்லப்பன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அப்போதுதான் சிரித்தான்.

ராசாத்தியிடம் அவன் பேசினான். உப்பு, தண்ணி, சாவி என்று தேவையான பேச்சு. கோபமாக இருந்தால் அது அவளுக்குப் பழகியதுதான். இது கோபம் இல்லை. சொல்லச் சொல்ல நம்பாதவளிடம் மேற்கொண்டு என்ன சொல்வது என்று தெரியாத ஓர் ஆளின் அமைதி. அவளுக்கும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் இல்லை. பையிலிருந்த புடவைகளை எடுத்துப் பீரோவில் அடுக்கினாள். வரவில்லை என்று அண்ணனுக்குப் போனில் சொன்னாள், செல்லப்பன் காதில் விழும்படி. சின்ன அறையிலிருந்த பாயை எடுத்துவந்து ஹாலில் தன் பாயருகே போட்டாள். திறந்த ஓட்டைகள் வழியாக மூடுபனி தாராளமாக வந்தது. கணப்பு இனி வெளியே மட்டும். உள்ளே இரண்டு கம்பளி. பெட்டியை ஹால் சுவரில், அவன் முன்பு சட்டை மாட்டிக்கொண்டிருந்த ஆணிகளுக்குப் பக்கத்தில் அடித்து மாட்டினாள், யாரிடமும் மறைக்காமல்.

அன்று சாயந்திரம் செல்லப்பன் தோட்டத்திலிருந்து வந்தான். வாசலில் நின்றவளுக்கு நேராக வந்து, வாயைத் திறந்து காட்டினான். பழைய நாட்களில் அவள் கேட்டு அவன் மறுக்கிற விஷயம். இப்போது கேட்காமலே நீட்டினான். அவளுக்குச் சுருக்கென்றது. "போங்க, போயி கைகாலக் கழுவுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முகம் திரும்பியது, மூக்கு திரும்பவில்லை. ஈரக் காப்பித் தோல், சாக்கு, மழை. அவ்வளவுதான். அவள் மோந்துவிட்டாள் என்பது அவனுக்கும் தெரிந்தது. உதட்டோரம் ஏதோ நெளிய, உள்ளே போனான்.

சட்டையைக் கழற்றி, பழக்கத்தில் முதல் ஆணியில் மாட்டினான். அது பெட்டியை மறைத்தது. திரும்பிப் பார்த்தவன், சட்டையை எடுத்து அடுத்த ஆணிக்கு மாற்றினான்.